டி.சி. வாங்காமல் திரும்பி வந்த நாள்

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது, என் மகள் பெனினாவுக்கு டி.சி. வாங்கிக்கொள்ளும்படி பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சபையில் மைக்கைப் பிடித்துப் பேச எனக்குக் கூச்சம். அதனால் நடந்ததை எழுதித் தருகிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பெனினா எங்களுக்கு ஒரே பிள்ளை. மக்கு இல்லை. கடையில் யாராவது இருபது சாமான் அடுக்கிச் சொன்னாலும் சீட்டு இல்லாமல் எடுத்து வைத்துவிடுவாள். வீட்டு ஜெபத்தில் வேதத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள். ஆனால் பரீட்சைத் தாளில் நாலு வரி எழுதினால் மூன்று வரி யாருக்கும் புரியாது. வேதம் வாசிக்கிறவளுக்குப் பாடம் எப்படி வராமல் போகும்? கொழுப்பு என்றே நினைத்தோம். நான் கைநீட்டி அடித்தும் இருக்கிறேன். "ஆண்டவரே, இவள் சோம்பலை எடுத்துப்போடும்" என்று வருஷக்கணக்கில் ஜெபித்தேன். அதுவும் அவள் காதில் விழும்படி.

டி.சி. பேச்சு வந்த அதே வாரம் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை பெனினாவுக்கு. கடைசி நேரத்தில் போதகர் ஐயர் பகுதியை மாற்றிவிட்டார். இவள் எழுந்து போய், புத்தகத்தைத் திறந்து, முதலில் சொல்லியிருந்த பகுதியையே கணீரென்று வாசித்தாள். திறந்திருந்த பக்கமே வேறு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கையை ஓங்கிவிட்டேன். அவள் அழவில்லை.

"எனக்கு வாசிக்கவே வராதும்மா. எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு நிக்குது. அப்பா காலைல போன்ல போடுவாருல்ல, அதக் கேட்டுத்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

கடை திறக்கும்போது இவள் அப்பா போனில் வேதவாசிப்பு போடுவது வழக்கம். வீட்டு ஜெபத்தில் எதை வாசிப்பது என்று அவளேதான் தேர்ந்தெடுப்பாள். அதை நாங்கள் பக்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டோம். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம், முதல்முறையாக அவளை மாற்றும்படி நான் கேட்கவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரிடம் போவது என்று காட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள்தான் டி.சி.க்குக் கையெழுத்துப் போட வேண்டிய நாள். காலையில் மல்லிகா கடைக்கு வந்தார். மீன் விற்கிறவர், குப்பத்துக்காரர், நம் சபை வாசலை மிதித்ததில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா யக்கா, ஒரு மாதிரி கீற?" என்றார். சொன்னேன்.

"எம் பொண்ணுக்கும் இதேதான் யக்கா. வாய்ல பதிலு வரும், கைல வராது. பெரியாஸ்பத்திரில பாத்து சீட்டு குடுத்தாங்கோ. பரிச்சைல இவ சொல்லச் சொல்ல ஒரு டீச்சரு எய்தினாங்க. நீ டீசிய மட்டும் வாங்கிடாத. நானும் வரேன், வா."

மீன்கூடையை எங்கள் கடையிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கடையில் நான் வாயாடி. தலைமை ஆசிரியை முன்னால் நின்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று மல்லிகாவோடு போய் அவர் மேசை முன் நின்றேன்.

"பிரைவேட்டா எழுதட்டும்மா. எங்க ரிசல்ட்டையும் பாக்கணும்ல?" என்றார் அவர்.

"மேடம், இவளுக்குச் சோம்பல்னு நானும் இத்தன வருஷம் சொன்னேன். நான் சொன்னது தப்பு. டி.சி. வாங்க மாட்டேன். ஆஸ்பத்திரி சீட்டு கொண்டு வாரேன். நீங்க மேல அனுப்பி வைக்கணும்."

"அனுப்பினா பொண்ணு பாஸாய்டும் மேடம். எம் பொண்ணு பாஸாச்சே" என்றார் மல்லிகா.

தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டி.சி. தாளை மேசைக்குள் வைத்து, "சீக்கிரம் கொண்டு வாங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பல நடை. கற்றல் குறைபாடு என்று எழுதித் தந்தார்கள். பரீட்சையில் பெனினா சொல்லச் சொல்ல ஒரு ஆசிரியர் எழுதினார். கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் மல்லிகாவும் நானும் நின்றோம். அவர் அவருடைய அம்மனைக் கும்பிட்டார், நான் ஜெபித்தேன். பெரிய மார்க் இல்லை. பாஸ். தேவனுக்கே மகிமை.

இப்போது பக்கத்து எர்ணாவூரில் ஒரு தாய் தன் பிள்ளைக்காக அழுகிறாள் என்று கேள்விப்பட்டால், கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நானும் மல்லிகாவும் பள்ளிக்கூடத்துக்கு அவளோடு போகிறோம். என் நாக்கு ஒட்டுவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடிக்காதீர்கள். என்ன கஷ்டம் என்று முதலில் அதனிடம் கேளுங்கள். பிறகு ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் யார் வழியாகவும் பதில் அனுப்புவார், நம்புங்கள்.

பெனினா இப்போதும் வீட்டு ஜெபத்தில் வாசிக்கிறாள். தெரியாத பகுதியாக எடுத்து, விரலை எழுத்தின் கீழே வைத்து, நிஜமாகவே வாசிக்கிறாள். ஒரு வசனத்துக்கே வெகுநேரம் ஆகும். போன வாரம் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். அவள் அப்பா எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

"இருப்பா, நானே சொல்றேன்" என்றாள்.

அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. நாங்கள் காத்திருந்தோம்.