நுரை அடங்கிய காபி

என் கிறுக்கை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இங்கிலீஷில் ஒரு வார்த்தை புதிதாகப் படித்தால், யாரிடமாவது சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அன்று படித்தது ‘ஃப்ராத்தி’.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்ட் காபிக் கடையில், கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டையோடு ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். காபியைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாடத்தை ஒத்திகை பார்ப்பதற்குள் நுரை பாதி அடங்கிவிட்டது.

எதிரே போய் உட்கார்ந்தேன். “இப்படி நுரையா இருக்குறத இங்கிலீஷ்ல ஃப்ராத்திம்பாங்க. ஐரோப்பாவுல வடக்க இருந்த கடலோடிங்களோட பழைய பாஷையிலேருந்து வந்துச்சாம்.”

“அப்படிங்களா, சொல்லுங்க” என்றவர் உடனே டம்ளரை எடுத்து ரசித்துக் குடித்தார். என் பாடத்தின் மகிமைதான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

“நுரையெல்லாம் போயிருச்சே, முன்னாடியே குடிச்சிருக்கலாமேங்க?”

“தனியாக் குடிக்க முடியலைங்க.”