அம்மன் முதுகில் இருந்த காகிதம்

அமெரிக்காவில், சான் ஹோசேயில் யாரோ ஒரு வீட்டைக் காலி செய்து பொருள்களை விற்றபோது, கொலுவுக்காக ஒரு பழைய மரச்சிலை வாங்கினேன். சீனர்கள் கும்பிடும் கடல் அம்மன். முதுகில் சின்னதாக ஒரு மர மூடி இருந்தது.

படியில் வைக்கும் முன் என் கணவர் அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தார். உள்ளே மடித்த சிவப்புக் காகிதமும் காய்ந்த விதைகளும் இருந்தன. "பூச்சி இருக்கும், வீடு பூரா பரவிடும்" என்று எல்லாவற்றையும் வழித்துக் குப்பையில் போட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் கொலு பார்க்க வந்த எதிர்வீட்டு சீன ஆன்ட்டி, சிலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காகிதம் எங்கே என்று கேட்டார். எந்தக் குடும்பம், எந்த ஊர், என்ன வேண்டுதல் என்று அதில்தான் எழுதியிருக்குமாம். அதுதான் சிலையின் உயிர் என்றார். குப்பை வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது.

அவர் போனதும் கணவர், "விடேன், வெறும் டெகரேஷன் பீஸ்தானே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால்மிதியில் பிள்ளையார் படம் போட்ட கம்பெனியை எதிர்த்து, ஆன்லைன் பெட்டிஷனில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் இவர்.

"நம்ம பிள்ளையார்னா சாமி, அவங்க அம்மன்னா டெகரேஷனா?" என்று கேட்டேன்.

இப்போது பழைய சாமி சிலை எதையும், விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் நான் தொடுவதில்லை. அந்த அம்மனைப் பூஜை அலமாரியில் வைத்துத் தினமும் விளக்கேற்றுகிறேன். அந்தக் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ளத்தான் நினைக்கிறேன். சொல்வதற்கு ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை.