மூன்று முறை கழற்றிய கார்ப்பரேட்டர்

போன வருஷம் குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். தென்காசியில் வேலை பார்க்கும் என்னிடம் பழைய கார் ஒன்று இருக்கிறது. வேகத்துக்காகவே இரட்டைக் கார்ப்பரேட்டர் வைத்த வண்டி. வீட்டில் என்னைவிட அதற்குத்தான் அதிகக் குளியல்.

அதன் என்ஜின் திடீரென்று மிஸ்ஸிங் ஆக ஆரம்பித்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். நடுவழியில் இருமும், குலுங்கும், வேகம் எடுக்காது. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். எரிச்சல் என்றால் அப்படியோர் எரிச்சல்.

மேலகரத்தில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் விட்டேன். வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்ததால், கோளாறு பெட்ரோல் கலந்து அனுப்பும் கார்ப்பரேட்டரில்தான் என்று முடிவே கட்டியிருந்தேன். அவர் இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தார். மூன்றாவது முறை, "சார், கார்ப்பரேட்டர் சுத்தமா இருக்கு. கரண்டு வார பக்கம் கொஞ்சம் பாக்கட்டா?" என்றார்.

"சொன்னத மட்டும் செய்யுங்க" என்றேன். செய்தார்.

அன்று மாலையே வண்டி மறுபடி குலுங்கியது. நேராக அவர் கடைக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "நல்ல பார்ட்ஸ கழத்திட்டு பழச மாட்டிட்டியளா?" என்று கத்தினேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு, மனைவியோடு ஐந்தருவிக்குப் போகும் வழியில் சாரல் பிடித்தது. வண்டி அதே இருமல். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, திட்டிக்கொண்டே நின்றேன். மனைவி குடையோடு வந்து குனிந்தாள்.

"சாரல் அடிச்சா மட்டுந்தான் இப்பிடி ஆவுதுன்னு அன்னைக்கே சொன்னேன்லா? இங்கன டிக் டிக்னு சத்தம் வருது, கேக்குதா?"

ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கி, நானே மாட்டிய, பிளக்குக்குக் கரண்டு போகும் சிவப்பு வயர்கள்! அழகுக்காக இழுத்துக் கட்டியதில் ஒன்று இரும்பில் உரசித் தோல் கிழிந்திருந்தது. ஈரம் பட்டதும் கரண்டு அங்கேயே கசிந்து பொறி பறந்தது. என்ஜினை நிறுத்தி, குளிக்கக் கொண்டுபோன துண்டால் வயரைத் துடைத்து, கட்டை அவிழ்த்து விலக்கி வைத்தேன். ஸ்டார்ட் செய்தால் சீராக ஓடுகிறது.

சந்தோஷம் வரவில்லை. கடையில் கத்தியதுதான் நினைவுக்கு வந்தது. "போன்ல சொல்லிருதேன்" என்றேன்.

"நாலு பேரு முன்னால ஏசிட்டு, மன்னிப்பு மட்டும் போன்லயா? நேர்ல போங்க" என்றாள் மனைவி.

மறுநாள் போனேன். அன்றும் ஆட்கள் இருந்தார்கள். தப்பு என்னுடையது, நான் மாட்டிய வயர்தான் காரணம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"வேலை சரியில்லன்னா பொறுத்திருப்பேன் சார். களவாண்டேன்னு சொல்லிட்டியள்லா, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல" என்றார் அவர். பிறகு பானெட்டைத் திறந்து, வேறு வயர் போட்டுக் கொடுத்தார்.

இன்றும் அவர்தான் என் வண்டியைப் பார்க்கிறார். முன்போலச் சிரித்துப் பேசுவதில்லை. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை. இப்போதெல்லாம் யார் மேலாவது சந்தேகம் வந்தால், வாயைத் திறக்கும் முன், அதில் என் கை எங்கே பட்டது என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.