மூக்குப் பயிற்சி

எங்கள் வீட்டில் காலை காப்பி முடியும்வரை யாரும் பவுடர் போடக் கூடாது, ஊதுபத்தி ஏற்றக் கூடாது, தாளிக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் சட்டம். மாமியார் மட்டும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாமல் விபூதியைக் குழைத்துப் பூசிக்கொண்டு, எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். கண்ணை மூடிக்கொண்டு சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் மருமகளையும், அவள் மூக்குக்கு நேரே டப்பாவைத் திறந்து நீட்டும் மகனையும் வேறு எப்படித்தான் பார்ப்பது?

நாங்கள் ஒயின் செய்கிறவர்கள். நான் கம்பம் பக்கத்துக்காரி, அப்பாவுக்குத் திராட்சைப் பந்தல். நுண்ணுயிரியல் படித்துவிட்டு நாசிக் பக்கத்து ஒயின் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் இந்த விருத்தாசலத்துக்காரர். பீங்கான் தொழில் படித்தவர், சூளைச் சூடு பிடிக்காமல் வடக்கே ஓடியவர். அதே ஆலையில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். எந்தப் பீப்பாயில் கோளாறு என்று கிட்டே போகாமலேயே சொல்லிவிடுவார். அந்த மூக்கைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று தோழிகள் கேலி செய்வார்கள். கேலியில்லை, உண்மைதான்.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டபோது இங்கே வந்தோம். ஒரே பிள்ளை, வராமல் இருக்க முடியுமா? "ஆறு மாசந்தான்" என்றார். பீங்கான் யூனிட் ஒன்றில் மெருகுக் கலவை கலக்கும் வேலை உடனே கிடைத்தது. அதற்கப்புறம் எத்தனை பொங்கல் இந்த வாசலில் கோலம் போட்டுவிட்டேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு வருடமும் நாசிக்கில் திராட்சை அறுவடை நெருங்கும்போது கேட்பேன். அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"அடுத்த சீசன் பாத்துக்கலாம்."

கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல்தான் வீட்டிலேயே போட ஆரம்பித்தோம். யூனிட்டில் மெருகு கொஞ்சம் பிசகிப்போன பீங்கான் ஜாடிகளை ஓரமாக ஒதுக்கிவைப்பார்கள். அவற்றில் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தார். மூடியில் துளை போட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலில் விட்டால் தீர்ந்தது. உள்ளே சாறு நுரைத்துப் பொங்கப் பொங்க, தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருக்கும். ஆடி மாதம் நாவல்பழம். ஊரிலிருந்து யாராவது வந்தால் பன்னீர் திராட்சை. ஆனால் எங்கள் பெருமையெல்லாம் முந்திரிப்பழத்தில்தான்.

கோடையில் இந்தப் பக்கத்துத் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைத் தரையில் போட்டுவிடுவார்கள். தோப்பே புளித்து மணக்கும். பக்கெட் பக்கெட்டாக அள்ளி வந்தோம். முதல் வருடச் சாறு தொண்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, அத்தனை துவர்ப்பு. மாமியார் வடாம் போடக் காய்ச்சிய ஜவ்வரிசிக் கூழில் மிஞ்சியதை, கழுவ எடுத்துப்போன பாத்திரத்தோடு, என் கணவர் தெரியாமல் சாறு இருந்த குண்டானில் கவிழ்த்துவிட்டார். நான் திட்டித் தீர்த்தேன். மறுநாள் பார்த்தால் துவர்ப்பையெல்லாம் இழுத்துக்கொண்டு கூழ் அடியில் படிந்திருக்க, மேலே தெளிந்த சாறு. திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொள்ளவில்லை. ஜவ்வரிசி மட்டும் அதிலிருந்து எங்கள் மளிகையில் நிரந்தரமாகிவிட்டது.

ஆனால் இந்த ஊரில் வீட்டில் ஒயின் போடுவது குற்றம். நாங்கள் விற்பதில்லை, ஒரு சொட்டுகூட வெளியே கொடுப்பதில்லை. இருந்தாலும் குற்றம் குற்றம்தான். அதனால் ஜாடிகள் இருக்கும் உள்ளறையின் ஜன்னல் திறப்பதே இல்லை. சொந்தக்காரர்கள் வந்தால் இரவு தங்கச் சொல்வதில்லை. எதிர்வீட்டு அம்மா, "என்னாம்மா, பழம் அழுவுன மாரி வாசன வருது" என்று கேட்டால், உறைக்கிற மாதிரி ஒரு ஊறுகாய்க் கதை சொல்வேன். ஜாடி பொங்கும் நாட்களில் ஊருக்குக்கூடப் போக முடியாது. காலையும் மாலையும் கிளறிவிட ஆள் வேண்டும். என் தங்கை பிள்ளையின் காதுகுத்துக்குப் போகாதது ஒரு ஜாடி நாவல்பழத்தால். சிறைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, நாங்களே ஒரு சிறையைக் கட்டிக்கொண்டோம் என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நல்ல நாட்களும் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மங்கலம்பேட்டை போய் பிரியாணி வாங்கி வருவார். நாசிக்கிலிருந்து என் புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்த காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பைகள் இரண்டு உண்டு. அவற்றில் ஆளுக்கு இரண்டு விரல் உயரம் ஊற்றி, உள்ளறையில் ஜாடிகளுக்கு நடுவே பாய் விரித்துச் சாப்பிடுவோம். எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு என்று சண்டை போடுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. பச்சை முந்திரிப் பருப்புக் குழம்புக்கு முந்திரிப்பழ ஒயின்தான் என்பேன் நான். கருவாட்டுக் குழம்புக்கு நாவல்பழம் என்பார் அவர். நாசிக்கில் யாரிடமாவது சொல்லியிருந்தால் இருவரையும் சேர்த்துத் துரத்தியிருப்பார்கள். ஆனால் கருவாடும் நாவல்பழமும் உண்மையிலேயே சேரும். இப்போதெல்லாம் அவர் எதற்கும் ஊறுகாயைத் தொட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார், பிரியாணிக்குக்கூட. நாக்கு செத்துப்போச்சா என்று திட்டினேன்.

இந்த மூக்குப் பயிற்சி மட்டும், பண்டிகை நாட்கள் தவிர, ஒருநாளும் தவறியதில்லை. திரும்பிப் போகும்போது மூக்கு மழுங்கியிருக்கக் கூடாது என்பது என் பயம். ஊர் முழுக்கக் களிமண் தூசி, புகை. மூக்கை இழந்துவிட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? முதலில் நான் கண்ணை மூடுவேன், அவர் அஞ்சறைச் சாமான் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டுவார். பிறகு அவர் மூடுவார், நான் நீட்டுவேன். முன்பெல்லாம் மிளகென்றால் மிளகு என்று மட்டும் சொல்லமாட்டார். பழசு, கொஞ்சம் ஈரம் பட்டிருக்குது, சாக்கு வாசனை ஏறியிருக்குது என்று அடுக்குவார். கொஞ்ச காலமாகப் பெயரோடு நிறுத்திக்கொண்டார். வேலை அலுப்பு என்று நினைத்தேன். பெயர் ஒருநாளும் தப்பியதில்லையே.

மார்கழி பாதியில் நாசிக்கிலிருந்து பழைய முதலாளியம்மா அழைத்தார். பீப்பாய் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விலகுகிறார்கள், இருவருக்குமான வேலை, பொங்கல் முடிந்ததும் பதில் சொல்லுங்கள், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்றார். அவரிடம் சொன்னபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அம்மாவை யாரு பாத்துக்கறது?" என்றார்.

அன்றைக்கு நான் மாமியாரைத்தான் வெறுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தடியை ஊன்றிக்கொண்டு பழமலைநாதர் கோயில்வரை போய்வருகிறவர், என் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே பட்டது. ஆனால் அவரே அன்று இரவுச் சாப்பாட்டின்போது வாயைத் திறந்தார்.

"என்னைச் சாக்கு சொல்லாதடா. திட்டக்குடில என் தம்பி வூடு இருக்குது. அவன் வா வான்னு எத்தினி தரம் கூப்ட்டான். நீங்க கெளம்புங்க. போவும்போது அந்த நாத்தம் புடிச்ச ஜாடியெல்லாம் எடுத்துக்கினு போங்க."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. மகன் தலையைக் குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவ எழுந்தபோது, "பொங்கல் முடியட்டும்" என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக் கோப்பைகளை எடுத்து மறுபடி புடவைக்குள் சுற்றிவைத்தேன்.

போகிக்கு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுத்தம் செய்தேன். கிளம்பப் போகிற கை, அதற்கு ஒரு வேகம் இருந்தது. டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, கைக்கு எது கிடைத்ததோ அதில் எதையோ கொட்டி மூடினேன். மிளகு இருந்த சின்ன எவர்சில்வர் டப்பாவில் கிராம்பு. பெருங்காயம் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் சோம்பு. ஏலக்காய் இருந்த பீங்கான் குப்பியில் வெந்தயம். இங்கே கொஞ்ச நாளைக்குத்தானே, எதில் எது இருந்தால் என்ன?

பண்டிகை நாட்களில் வீடு முழுக்க வெல்லமும் நெய்யும் மணத்துக்கொண்டிருந்ததால் பயிற்சிக்கு விடுமுறை. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை மறுபடி உட்கார்ந்தோம். என் முறைக்கு அவர் எடுத்தது போகியன்று நான் மாற்றாத மேல்தட்டு டப்பாக்கள். நான் சொன்னதையெல்லாம் அவர் டப்பாவுக்குள் பார்த்துப் பார்த்துச் சரி என்றார். பிறகு அவர் கண்ணை மூடினார். எவர்சில்வர் டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தேன். கிராம்பு வாசனை என் முகத்திலேயே அடித்தது.

"மெளகு" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தேன். அதன் மூடி இறுக்கம், திறந்தால் டப்பென்று ஒரு சத்தம் வரும். சோம்பு.

"பெருங்காயம். நல்ல காட்டமா இருக்குது."

பீங்கான் குப்பியின் மூடியை எடுத்தேன், பீங்கானோடு பீங்கான் உரசியது. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு ஏலக்காய் என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் முகர்வதில்லை, கேட்கிறார். எந்த மூடி எப்படித் திறக்கும் என்று மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு எத்தனை காலமாகவோ என்னிடம் தேர்வாகிக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க அதைத் தாண்டி அவர் நடந்து போனது, ஊறுகாய், ஒற்றைச் சொல் பதில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மூக்கு போனதற்கு இல்லை. நல்ல காட்டமா இருக்குது என்று அலங்காரம் செய்தாரே, அதற்கு. இரக்கம் அதற்கப்புறம் மெதுவாக வந்தது, வந்து கோபத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

"சரியா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"சரி" என்றேன்.

அவர் பல் விளக்கக் கொல்லைப்புறம் போனார். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பீப்பாய் அறையில் மூக்கில்லாத மனிதருக்கு என்ன வேலை? அங்கே டப்பாக்கள் இல்லை. முதல் வாரமே தெரிந்துவிடும், ஆலை முழுக்கத் தெரிந்துவிடும், ஒருகாலத்தில் கிட்டே போகாமலேயே கோளாறு சொன்னவரை எல்லோரும் பாவம் என்று பார்ப்பார்கள். அதை அவர் தாங்கமாட்டார். அதைப் பார்த்துக்கொண்டு என்னாலும் நிற்க முடியாது. மாமியார் கதவைத் திறந்துவிட்டார், இப்போது அதே கதவை நான்தான் சாத்த வேண்டும். ஒத்திப்போட்டால் மனசு மாறிவிடும் என்று பயந்து, அப்போதே ஃபோனை எடுத்து நாசிக்குக்குப் பேசினேன். முதலாளியம்மா இரண்டு தடவை கேட்டார், நிச்சயமாகத்தானே சொல்கிறாய் என்று. எனக்குத் தெரிந்த இந்தியில், அடுத்த சீசன் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

திரும்பினால் அவர் கொல்லைக் கதவில் நின்று நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வாயோரம் பேஸ்ட் நுரை.

"எத்தினி தப்பு சொன்னேன்?"

"எல்லாமே தப்பு."

அவர் வாயைக்கூடத் துடைக்கவில்லை. "போன வருசம் ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுலேருந்து. வந்துடும் வந்துடும்னு பாத்தேன்."

"சொன்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா நீ மட்டும் போயிடுவியோன்னு பயம்."

"போயிருப்பேன்" என்றேன். அவரை நோகடிக்கத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. உள்ளறையில் குமிழி வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் எப்போதும் போலச் சாத்தியே இருந்தது.

அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டப்பாக்கள் இன்னும் அங்கேயே கிடந்தன.

"இப்ப மெளகு எதுல இருக்குது?"

பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் காட்டினேன். அவர் அதை எடுத்து மூடியைத் திருகித் திறந்தார், மூடினார். கண்ணை மூடி, காதுக்குப் பக்கத்தில் வைத்து, இன்னொரு தரம் திறந்தார்.