ஆந்தையின் தூக்கம்

என் அக்காவின் கணவரை பஸ் டிப்போவில் ஆந்தை என்பார்கள். பல வருஷமாக ராத்திரி வண்டி ஓட்டுகிறவர். காலையில் வந்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். அதுவரை அக்கா எங்களைப் பேசக்கூட விடமாட்டாள்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் ஒரு மெஷின் வாங்கச் சொன்னார். முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் பெட்டி. அதை மாட்டித் தூங்கினால்தான் பஸ் என்றது டிப்போ. அத்தான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. "மாப்ளே, தூக்கம்னா என்னன்னு இப்பதான்டா தெரியுது" என்பார்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "என்னய்யா, மெஷினைப் போடுறதே இல்லையாமே? இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். அப்புறம் வண்டிச் சாவியக் குடுத்துட்டுப் போயிடு."

பெட்டிக்குள் ஒரு சிம் இருப்பதும், அது அத்தானை மெஷின் கம்பெனியிடம் போட்டுக்கொடுப்பதும், கம்பெனி டிப்போவிடம் போட்டுக்கொடுப்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. காசு கொடுத்து ஓர் உளவாளியை வாங்கிப் படுக்கையறையில் வைத்திருக்கிறோம்!

நான் செல்போன் ரிப்பேர் செய்கிறவன். கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பணிவாகத்தான் பேசினாள்.

"பகல்ல போட்டா மெஷின் அதை டெஸ்டிங்னு எடுத்துக்கும் சார். ராத்திரி போட்டாதான் தூக்கம்னு கணக்கு."

"ராத்திரி அவர் பஸ் ஓட்டுறாரும்மா!"

"மெஷினுக்குள்ள ஓடுற புரோகிராம், ஃபர்ம்வேர், அப்படித்தான் சார் எழுதியிருக்கு."

"அந்த ஃபர்ம்வேரைக் காட்டுங்க. நானே மாத்திக்கிறேன்."

"அது கம்பெனி ரகசியம் சார். கைவச்சீங்கன்னா மெஷின் லாக் ஆயிடும்."

"அப்ப இந்தப் பெட்டி யாரோடது?"

"பெட்டி உங்களுது சார். உள்ள ஓடுறதுதான் எங்களுது."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எவனோ ஒரு புண்ணியவான், உலகத்தில் எல்லாரும் ராத்திரிதான் தூங்குகிறார்கள் என்று எழுதிப் பூட்டிவிட்டான். அதற்கு என் அத்தான் வேலையை இழக்க வேண்டுமா? மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "மெஷின் எதுக்குய்யா பொய் சொல்லப்போகுது?" என்றார். அப்படியானால் பொய் சொல்வது அத்தானா?

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "போதும்டா உன் நியாயம். ராத்திரியில ஒரு ஆள் மூச்சு விடணும், அவ்வளவுதானே?" என்று முகமூடியை எடுத்துத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து பகலில் அத்தான், ராத்திரியில் அக்கா. மூக்கோரம் தழும்பு விழுந்தது அவளுக்கு. பெட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் மூக்கு என்று பார்க்கத் தெரியாத ஜென்மம் அது.

மாசம் முடிந்ததும் மேனேஜர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "பார்த்தியாய்யா, சொன்னதும் திருந்திட்டே! தினமும் ராத்திரி பூரா அசையாமத் தூங்கியிருக்கே. இனிமே தைரியமா வண்டியக் குடுக்கலாம்."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் டூட்டி சார்ட் தொங்கியது. அந்த மாசத்து ராத்திரி பஸ்ஸுக்கு நேரே அத்தான் பெயர்தான் இருந்தது. அவர் கணக்குப்படி பார்த்தால், என் அத்தான் அத்தனை ராத்திரியும் பஸ் நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு, அசையாமல் தூங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.