மிட்சுயோ நடைபாதைக்கு ஏறிய நாள்

ஜப்பானில் சைதாமாவின் புறநகர்த் தெரு ஒன்றில் உருளைக்கிழங்கை மசித்துத் தட்டி குரோக்கே பொரித்து விற்கும் மிட்சுயோவுக்கு வயது எழுபத்தொன்று. அது அவளுக்கும் நகராட்சிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. பார்த்தால் அறுபதுக்கு மேல் மதிக்க முடியாது. தவறாமல் சாயம் பூசிய தலை, வியாழன்தோறும் சமூகக் கூடத்தில் ஜோடி நடனம் என்று வாழ்ந்துகொண்டிருந்தாள்.

நடனத்தில் அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் முடிதிருத்தகம் நடத்தும் ஷிராதோரி. மனைவியை இழந்தவர், வயது அறுபத்தெட்டு. "நீங்க என்னைவிட நாலஞ்சு வயசு சின்னவங்களா இருப்பீங்க" என்று முதல் நாளே அவர் சொல்ல, "அறுபத்து நாலு" என்று இவள் வாய் முந்திக்கொண்டது. சொன்னதைத் திரும்ப விழுங்கவா முடியும்?

ஆட்டம் முடிந்து ஸ்டேஷன் வரை இருவரும் சைக்கிளில் சேர்ந்து போவார்கள். ஆடும்போது ஷிராதோரி அடியை எண்ணிக்கொண்டே இருப்பார், பேச்சுக்கு இடமில்லை. சைக்கிளில் ஏறிவிட்டால் வாய் ஓயாது. உண்மையைச் சொன்னால், மிட்சுயோ நடனத்துக்குப் போனதே அந்தப் பேச்சுக்காகத்தான்.

அதற்கும் வந்தது கேடு. சைக்கிள் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். முனைக் காவல் சாவடியின் இளம் போலீஸ்காரன் ஹிதகா விசிலும் கையுமாக நின்றுவிட்டான். நடைபாதையில் ஓட்டினால் விசில். சாலையில் பக்கம் பக்கமாகப் போனால் அதற்கும் விசில்.

"அக்கா, ரோட்டுலதான் போகணும். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்."

எழுபது ஆனவர்கள் நடைபாதையில் ஓட்டலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அது மிட்சுயோவுக்கும் தெரியும். ஆனால் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? சாலையில் இறங்கினாள். இறங்கினால் பீர் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான்.

"பாட்டி, நடைபாதை எதுக்கு இருக்கு? மேல ஏறிப் போயேன்."

ஷிராதோரியோ எங்கோ பின்னால். அவர் சொல்வதெல்லாம் காற்றோடு போயிற்று.

ஒரு வியாழன் மாலை, சரக்கு இறக்க வந்த வேன் ஒன்று சைக்கிளுக்கென்று நீலம் தீட்டிய ஓரத்தை அடைத்து நின்றது. சுற்றிப் போகலாம் என்றால் பின்னால் அதே லாரி. மிட்சுயோ பயந்துபோய் நடைபாதையில் ஏறிவிட்டாள். உடனே விசில்.

"எத்தனை தடவை சொல்றது அக்கா? இன்னிக்கு அபராதம் எழுதித்தான் ஆகணும்."

ஷிராதோரி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "என் பேர்ல எழுது தம்பி. நான்தான் ஏறச் சொன்னேன்."

பச்சைப் பொய்.

"சார், நீங்க ஒதுங்குங்க."

"மாட்டேன். அறுபத்து நாலு வயசுப் பொம்பளை லாரிக்கு அடியில போய்ச் சேரணும்னு உன் சட்டத்துல இருக்கா?"

யாரையும் அதட்டிப் பேசியறியாத மனிதர் நடுத்தெருவில் முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தார். லாரிக்காரன் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்த்தான். ஹிதகாவின் கை வயர்லெஸ்ஸுக்குப் போயிற்று. மிட்சுயோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்று அவர் தன்னை விட்டுப் போனாலும் போகட்டும், தன் பொய்க்காக அவர் தலைகுனியக் கூடாது.

"எழுபத்தொண்ணு" என்றாள்.

"என்னது?"

"என் வயசு தம்பி. நான் மேல ஓட்டலாம்." அடையாள அட்டையை நீட்டினாள்.

ஹிதகா அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். பிறகு இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான் லாரிக்காரன்.

மிட்சுயோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என்னைவிட மூணு வயசு பெரியவங்க" என்றார் ஷிராதோரி மெதுவாக.

"ஆமா."

"அதான் ஆட்டத்துல சுத்தும்போதெல்லாம் என்னை இழுத்துட்டுப் போறீங்க. நான் என் காலுதான் சரியில்லைன்னு நினைச்சேன்."

அவர் சிரித்தார். மிட்சுயோவுக்கு உயிர் வந்தது. ஷிராதோரி போலீஸ்காரனிடம் திரும்பினார்.

"தம்பி, இவங்க மேல, நான் கீழ. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், பக்கத்துப் பக்கத்துல போனா?"

ஹிதகா விசிலைச் சட்டைப்பையில் போட்டான். "அதைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் சொல்லலை சார்."

வேனைத் தாண்டியதும் மிட்சுயோ நடைபாதையின் விளிம்போரமாக வந்தாள். ஷிராதோரி சாலையின் ஓரத்தில் அவளுக்குச் சமமாக மிதித்தார். நடுவில் இருந்தது ஒரு சாண் கல்வரிசை மட்டும். பின்னால் லாரி ஊர்ந்து வந்தது.

"எனக்கு எழுபது ஆக இன்னும் ரெண்டு வருஷம்" என்றார் அவர். "அதுவரைக்கும் இப்படியே போலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் நானும் மேல வந்துடுவேன். கொஞ்சம் இடம் விட்டு வைங்க."