படுத்திருக்கும் சுறா கடிக்குமா?

பகலில் தூங்குகிறவனை ஊர் நம்பாது. என்னைப்போல் இரவு வேலை பார்க்கும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சாலாக் செலாத்தானில் என் அறைக் கதவை மத்தியானத்தில் தட்டாத ஆளில்லை. சாயங்காலம் கோலாலம்பூரில் ஒரு மீன் காட்சியகத்தில் தொட்டிகளைக் கவனிக்கப் போவேன். அங்கே எனக்கு ஒரு கூட்டாளி உண்டு: நர்ஸ் சுறா. பகலெல்லாம் மணலில் கட்டையாகக் கிடக்கும். விளக்கணைந்தால்தான் எழுந்து உலாத்தும்.

அது செத்துவிட்டது என்று ஒரு புகார், பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று இன்னொன்று. மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார்: “இன்னும் ஒரு கம்ப்ளெய்ன் வந்தா, பின்னால உள்ள சிமெண்டுத் தொட்டிதான்.” அந்தத் தொட்டியில் அது திரும்பிப் படுக்கக்கூட இடமில்லை.

மூச்சு

ஷா ஆலமிலிருந்து வந்த ஓர் அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். நீந்தாவிட்டால் சுறா செத்துவிடுமாமே என்றார். எல்லாச் சுறாவும் அப்படியில்லை, இது படுத்தபடியே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாக விடும் என்று காட்டினேன். எங்கே புகார் சொல்லக் கவுண்டருக்குப் போய்விடுவாரோ என்று எனக்குப் பதற்றம். அவர் குனிந்து செவுள் அசைவதைப் பார்த்தார்.

“மூச்சு விடுது, சரி பாஸ். டிக்கெட் வாங்கியிருக்கோம்லா, ஒரு ரவுண்டு போகச் சொல்லக் கூடாதா?”

புட்டு

பண்டமாரானிலிருந்து வந்த ஆன்டி ஒருவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றார். “பயப்படாதீங்க ஆன்டி, சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்” என்றேன்.

“நான் ஏன்யா பயப்படணும்? என் மக பிள்ளை பெத்திருக்கா, பால் ஊறச் சுறாப் புட்டு கேக்குறா. அதுதான் என்னைப் பாத்துப் பயப்படணும்!”

மிதி

அப்படியானால் கடிக்கவே கடிக்காதா? வாலைப் பிடித்தால், மிதித்தால் கடிக்கும்; கவ்வினால் லேசில் விடாது. புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் டைவர் சேவியர் சிலுவை போட்டுக்கொண்டுதான் தொட்டியில் இறங்குவான். அன்று மேலே சுற்றும் பெரிய சுறாக்களையே பார்த்தபடி பின்னால் நகர்ந்தவன், தூங்கிக்கொண்டிருந்ததை மிதித்துவிட்டான். அது அவன் காலில் மாட்டிய ரப்பர் துடுப்பைக் கவ்விக்கொண்டது. இவன் உதற, அது தொங்க, ஷோ என்று நினைத்து ஜனம் கைதட்டியது. இனிச் சுறாவுக்குச் சிமெண்டுத் தொட்டி நிச்சயம்.

துடுப்பு கிழிந்தது, கால் தப்பியது. மேலே ஏறியவனிடம் மேனேஜர், “கம்ப்ளெய்ன் எழுதப் போறியா?” என்றார். சேவியர் கிழிந்த துடுப்பைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“நைட் ஷிப்ட்டுக்காரன் தூங்குறப்ப ஏறி மிதிச்சா, நானும்தான் கடிப்பேன் பாஸ்!”

சுறா இன்னும் அதே மணலில்தான் கிடக்கிறது. சேவியர் சொன்னதை எழுதி என் அறைக் கதவில் ஒட்டியதிலிருந்து யாரும் தட்டுவதில்லை, அந்த அமைதியும் ஒரு மாதிரி வெறிச்சென்றுதான் இருக்கிறது.